அப்பா வேண்டாம் என்றது ரெக்கார்டை

கணேசா,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மெட்ராசிலிருந்து வந்த உன் சிநேகிதன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். காப்பி குடிக்கக்கூட நிற்காமல் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே மூன்று ஜாஸ் ரெக்கார்டுகள். பழைய இசையை மறுபடி அச்சடித்து விற்கிறார்களே, அந்த ரகம். மேல் தாள் பிரிக்காதவை, அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் தட்டைவிடக் கனம். கடிதம் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து உதறிக்கூடப் பார்த்தேன். ஒரு துண்டுக் காகிதம் விழவில்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான். பேச்சு இல்லை, இசைத்தட்டு மட்டும் வருகிறது. கோபம் என்றால் முழுசாகக் கோபப்பட்டுத் தொலைய வேண்டியதுதானே? ஒரு கையால் கதவை அடைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஜன்னல் வழியே பலகாரம் நீட்டுகிற பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்.

சௌக்கியமா என்று இதில் கேட்கப்போவதில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அப்பனும் மகனும் நடுவில் என்னை நிறுத்தி வைத்து, நீங்கள் இரண்டு பேரும் பேசாத பேச்சுக்கெல்லாம் என்னைக் காவல் போட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் டைப் அடித்தே ஓய்வு பெற்றவள். சாட்சி சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும், நம் சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது என்று பழகிய கை இது. இப்போதும் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பாதியில் மடித்துப் பைக்குள் வைக்காமல் கடைசிவரை படி.

முதல் விஷயம். உன் அப்பாவுக்குக் காது கேட்காது. கொஞ்சம் மந்தம் என்று சொல்லி மழுப்ப விரும்பவில்லை. இடது காதில் அருகே வந்து உரக்கச் சொன்னால் பாதி கேட்கும். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. உன் தாத்தாவுக்கும் இதே வயதில் இப்படித்தான் ஆனது. குடும்பத்தில் வருவது என்று டாக்டரம்மா சொன்னார்கள். நீயும் இப்போதே ஒருமுறை காதைக் காட்டிக்கொள். நீ அமெரிக்கா போகும்போதே அவருக்கு ஆரம்பித்துவிட்டது. ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது நீ என்னவோ சொன்னாய், அவர் தலையை மட்டும் ஆட்டினார். நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்ததும், "என்னட்டீ சொன்னான்?" என்று என்னிடம் கேட்டார். அழுததில் எனக்கும் கேட்கவில்லை.

இந்த ஜாஸ் நம் வீட்டுக்குள் வந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்துக் கதை தெரியாது. கல்யாணமான புதிதில் பாபநாசத்தில் குவார்ட்டர்ஸ். அப்பாவுக்கு பவர் ஹவுஸ் வேலை. மலைமேல் எஸ்டேட்டில் இருந்த மேனேஜர் ஒருவர் ஊரைவிட்டே போகிறார், வீட்டுச் சாமானையெல்லாம் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, நமக்கு ஒரு கட்டில் வாங்கிவருகிறேன் என்று ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போனார். சாயங்காலம் கட்டில் வரவில்லை. ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டுகளும் வந்தன. அத்தனையும் ஜாஸ். "பாட்டு எங்க?" என்று கேட்டேன். "இதுல பாட்டு இருக்காது. கேளு, ஒரு கூட்டம் பேசிக்கிடுத மாதிரி இருக்கும்" என்றார். வாசிக்கிறவர்களை அன்றிலிருந்து கூட்டம் என்றுதான் சொல்வார். இந்தக் கூட்டம், அந்தக் கூட்டம், இது வேற கூட்டம். நான் அந்த வருஷம் முழுவதும் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். அந்தக் கூட்டம் மட்டும் பெஞ்சின்மேல் துணி விரித்துச் சொகுசாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் தட்டு வேட்டைதான். ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனால் பழைய சாமான் கடைகளில் புகுந்து, கைவிரல் கறுக்கத் தேடி, இரண்டோ மூன்றோ அள்ளிக்கொண்டு வருவார். ஐப்பசி மழையில் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூக்கும். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, என் சமையல் பாத்திரம் கவிழ்க்கிற தட்டியில் வரிசையாக நிறுத்திக் காயவைப்பார். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. ஸ்பீக்கர் பெட்டியில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு தூங்கிப்போவாய். கொஞ்சம் வளர்ந்ததும் அவர் மாதிரியே நீயும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தரையைத் தட்ட ஆரம்பித்தாய். நான் தலையிலடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று, நீங்கள் இரண்டு பேரும் வேறு எதைப் பற்றியும் பேசி நான் பார்த்ததில்லை. படிப்பு, வேலை, உடம்பு எல்லாம் என் வழியாகத்தான் போகும், வரும். இது ஒன்றுதான் உங்களுக்குள் நேர் வழி.

நீ அங்கே போய், நம் வீட்டில் தேய்ந்து கீறல் விழுந்த தட்டுகளெல்லாம் புதிதாக மறுபடி வந்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தாய். அவரும் பதில் எழுதினார். சாக்ஸபோன் இப்போது முன்னால் வந்து நிற்கிறது, தாளம் கொஞ்சம் பின்னால் போய்விட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினார். அப்பாவுக்கு இன்னும் என்ன காது அம்மா என்று நீ பெருமையாக எனக்கு எழுதியிருந்தாய். அதே வாரம்தான் நான் அதைப் பார்த்தேன். கோர்ட் லீவு நாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது, விரல் தட்டுகிறது. தட்டு சுற்றுகிறது. சத்தம் வரவில்லை. காலையில் கூட்டும்போது ஸ்பீக்கர் ஒயரை நான்தான் விளக்குமாற்றால் இழுத்துவிட்டிருக்கிறேன். சொல்லலாம் என்று கிட்டே போனேன். அந்த நேரம் அவர் விரல் நின்றது. ஒரு மூச்சு பொறுத்து மறுபடி தட்டியது. அந்த இடத்தில் வாத்தியமெல்லாம் நின்று மறுபடி தொடங்கும் என்று எனக்கே தெரியும், அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஊசியை வைத்ததிலிருந்து மனக்கணக்காக, தலைக்குள்ளேயே வாசிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுக்களைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குப் பாத்திரம் தேய்க்க ஓடவில்லை.

பிறகுதான் எல்லாம் பிடிபட்டது. பழைய தட்டின் மறுபதிப்பு வந்தால் அவருக்கு நினைவிலிருந்தே கேட்டுவிடும். கேட்டறியாத புதுத்தட்டு வந்தால், உறையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதைப் படித்து அதையே மாற்றி உனக்கு எழுதிவிடுவார். நான் பிடித்துக் கேட்டேன். மறைக்கவில்லை. "அவன்ட்ட சொல்லாத. எங்கிட்ட அவன் பேசுததே இதை வச்சுத்தான். கேக்காதுன்னு தெரிஞ்சா அதையும் விட்டுருவான்" என்றார். வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப்போனேன். காதில் மாட்டுகிற மிஷின் வாங்கினோம். ஒரே நாள் போட்டார். குக்கர் விசிலடிக்கிறது, காக்கா விசிலடிக்கிறது, மிஷினும் விசிலடிக்கிறது என்று கழற்றி பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். அவர் காது, அவர் சொல்ல வேண்டிய விஷயம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி அந்த டெலிபோன். அப்போது நான் ஓய்வு பெறவில்லை, அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தேன். நான் வந்ததும், "கணேசன் கூப்பிட்டான். அந்தப் பெட்டியை வாங்கவான்னு கேட்டான், வேண்டாம்னுட்டேன்" என்றார். எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின கடிதத்தில் நீதான் எழுதியிருந்தாய், பெரிய பெட்டியாக ஒன்று வந்திருக்கிறது, இதுவரை வெளியே வராத ஜாஸ் எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், வாங்கட்டுமா என்று. கேட்டறியாத தட்டுகள். அவருக்கு அவை வெறும் தட்டுகள்தான். அதனால் நீ கேட்பதற்கு முன்னாலேயே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. 'பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.' அவ்வளவுதான். பெண் யார், என்ன பெயர், எந்த ஊர் என்று ஒன்றும் இல்லை. நான் எழுதிக் கேட்டேன். 'அப்பாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்' என்று பதில் போட்டாய். நான் அவரிடம் போய், "உங்களுக்குத் தெரியுமாமே?" என்று கத்தினேன். "எனக்கு என்னட்டீ தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா அவன்?" என்று அவரும் கத்தினார். மறுபடி உனக்கு எழுதினேன். நீ, 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினாய். நான் ஃபோன் போட்டால் ஆபீசில் இருக்கிறேன் என்று வைத்தாய். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குவதற்கு ஏதோ பேசி வைத்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். தச்சநல்லூரிலிருந்து உன் மாமா வந்து, "அக்கா, அவன் வெள்ளைக்காரியக் கட்டியிருப்பான், அதான் வாயத் தொறக்க மாட்டேங்கான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். அப்பா அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். வெள்ளைக்காரியோ யாரோ அது அவருக்குப் பெரிசில்லை. பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவரைத் தின்றது. அதற்குப் பின்னும் நீ தட்டு அனுப்பினாய். தெரிந்த தட்டானால் போட்டுப் பார்ப்பார். தெரியாததானால் பிரிக்காமலே அலமாரியில் செருகிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தது. ஒரு பெண் குரல். "அத்தே, நான் ஜெனிட்டா பேசுதேன்." நான், "எந்த ஜெனிட்டா?" என்று கேட்டேன். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு, "கணேசன் வீட்டுக்காரி, அத்தே. அவங்க கடைக்குப் போயிருக்காங்க. நான் கூப்பிட்டது அவங்களுக்குத் தெரியாது" என்றாள். அமெரிக்காவிலிருந்து நம் ஊர்ப் பேச்சு கேட்கிறது. எந்த ஊரம்மா நீ என்றேன். நாசரேத் என்றாள். இங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்! உனக்கு அவளை உலகத்தின் மறுகோடிக்குப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஏழு மாதம் என்றும் சொன்னாள். அதை நீ எழுதவில்லை. அதற்கு உன்னைத் தனியாகக் கவனிக்கிறேன்.

அப்புறம் கேட்டாள். "அத்தே, மாமா ஏன் என்னைய அப்படிச் சொன்னாவ? நான் கிறிஸ்தவப் பொண்ணுங்கதாலயா? என்னையப் பாத்ததுகூட இல்லியே." அப்படி என்னம்மா சொன்னார்கள் என்றேன். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். அன்றைக்கு நீ அவளும் கேட்கட்டும் என்று ஃபோனின் ஸ்பீக்கரைப் போட்டிருந்தாயாம். உன் அப்பா சந்தோஷப்படுவார் என்று அத்தனை நம்பிக்கை உனக்கு. ஜெனிட்டாவைப் பற்றிச் சொல்லி, வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாயாம். அதற்கு அவர் சொன்னது: "வேண்டாம்லே. அது வேற கூட்டம். நமக்கு ஒத்து வராது. இந்த வீட்ல அதுக்கு எடம் இல்ல." நீ, 'நிஜமாகவா அப்பா?' என்றிருக்கிறாய். "எடமே இல்லலே, நீயே வச்சுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளை வரப்போகும் நேரத்தில், உனக்கும் தெரியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் இல்லாத தைரியம் அவளுக்கு இருந்தது.

அப்பாவின் இடது காதுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்றா சொல்வது? கத்தினேன். எதிர்வீட்டு ஆச்சி என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. "நான் அந்தப் பெட்டியல்லா வேண்டாம்னேன்" என்றார். "அவன் பெட்டியக் கேக்கல. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வரவான்னு கேட்டிருக்கான்" என்றேன். "பெட்டின்னுதானே…" என்று இழுத்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்வதில் என்ன குறைந்துவிட்டது, என்னலே சொன்ன, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டிருந்தால் இந்த இரண்டு வருஷம் நம் வீட்டில் இப்படிப் போயிருக்குமா என்று வைதேன். உன்னையும் சேர்த்து வைதேன். முப்பது வயது ஆண்பிள்ளை, அப்பா உன்னை ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கிறாரா? மதம், சாதி என்று அவர் வாயிலிருந்து என்றைக்காவது ஒரு சொல் கேட்டிருக்கிறாயா? ஒரு வரி எழுதிக் கேட்டால் என்ன? ஏன் அப்பா அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு வரி. அதைக் கேட்க உனக்கு வாய் வரவில்லை, பார்சல் கட்ட மட்டும் கை வந்தது.

நான் வைது முடித்ததும், "அந்தப் புள்ள பேரு என்ன?" என்றார். ஜெனிட்டா என்றேன். "வனிதாவா?" இல்லை, ஜெனிட்டா. "சுனிதாவா?" பென்சிலும் காகிதமும் எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதாத. சொல்லு." என் வாயையே பார்த்துக்கொண்டு, காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். நானும் தொண்டை வற்றும்வரை சொன்னேன். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டார். "ஜெனிட்டா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டு ஆச்சி, "யாரும்மா ஜெனிட்டா?" என்று கேட்டார்கள். என் மருமகள் என்று சொன்னேன். இரண்டு வருஷத்தில் முதல்தடவையாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள், பீரோவைத் திறந்து புடவைகளையெல்லாம் கலைத்துப்போட்டு மிஷினை எடுத்து வைத்திருந்தார். டாக்டரம்மாவிடம் போனோம். அவர்கள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, மிஷினைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தபோது உன் அப்பா கேட்டார், "டாக்டர், சின்னப் பிள்ள அழுதா இதுல கேக்குமா?" டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அது நல்லாவே கேக்கும் சார். கழட்டி வைக்காம தினம் போட்டுப் பழகணும்" என்றார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வீடு வீடாக இல்லை. ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா, பக்கத்துத் தெருவில் யார் இப்படி இருமுகிறார்கள், நீ ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று ஒரே புகார். யாருக்காகக் கத்திக் கத்தி என் தொண்டை இப்படி ஆனது என்று கேட்டால் ஃபேனைப் பார்க்கிறார். உன் ரெக்கார்டு ஒன்றை மிஷினோடு போட்டுக் கேட்டார். தகரத்தைச் சுரண்டுவது மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். இப்போது தட்டுப் போடும்போது மிஷினைக் கழற்றிவிடுகிறார். ஆட்கள் வந்தால் மாட்டிக்கொள்கிறார். அது அவர் இஷ்டம். நான் தலையிடுவதில்லை.

ஜெனிட்டாவின் பிரசவத்துக்கு நான் வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. அவரும் வருகிறேன் என்கிறார். முறுக்கு, பருப்புப்பொடி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து எல்லாம் கொண்டு வருவேன். அவளுக்கு வேறு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன், உன்னிடம் கேட்க மாட்டேன். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர்மேலும் தீரவில்லை. தீரும்போது சொல்கிறேன்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை காப்பி குடித்து முடிக்கும் நேரத்துக்குக் கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன். அவர்தான் எடுப்பார், இடது காதில் வைத்துக்கொள்வார். ஸ்பீக்கரைப் போட்டு ஜெனிட்டாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொள். தட்டு, பெட்டி, மறுபதிப்பு என்று எதையும் ஆரம்பிக்காதே. அன்றைக்குக் கேட்டதையே மறுபடி கேள். பையக் கேள். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேள். என்னலே சொன்ன என்று அவர் கேட்டால் கோபப்படாமல் திரும்பச் சொல். எத்தனை தடவை கேட்டாலும் சொல். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை ஃபோனை வைக்காதே.

அம்மா